இருக்கை கழற்றிய வேன்

அண்ணா, இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே. உன்னோடு அறையில் இருப்பவர்களிடம் சிரிப்புக்காகக்கூடப் படித்துக் காட்டாதே. படித்து முடித்ததும் கிழித்துப் போடு. போனில் பேசும்போது வாய் தவறி ஒரு வார்த்தை விட்டுவிடாதே, அப்பா எப்போதும் எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்துத்தான் பேசுவார், அதனால்தான் போனில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன். அம்மாவின் கடிதம் இதற்கு மேலே இருந்திருக்கும், அதை முதலில் படித்திருப்பாய். எழுத்து மட்டும்தான் என்னுடையது, வார்த்தையெல்லாம் அம்மாவுடையது, அவள் சொல்லச் சொல்ல இன்று சாயங்காலம் எழுதினேன். கண்ணில் மருந்து விட்டிருக்கிறேன், அதனால் சின்னவளை எழுதச் சொன்னேன் என்று அதில் இருக்கிறதே, அது பொய். அம்மாவின் வலது மணிக்கட்டு உடைந்திருக்கிறது. முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. உறையை ஒட்ட முடியாமல், காலையில் நீயே ஒட்டித் தபால்பெட்டியில் போட்டுவிடு என்று என்னிடம் கொடுத்தாள். அதனால்தான் இதை உள்ளே வைக்க முடிகிறது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டுவிட்டு, இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும். அம்மாவின் கடிதங்களில் அந்த இரண்டு வரியும் மாறியதே இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் மனதார நினைக்கிறேன், அது பொய்யில்லை. அடுத்த வரியைத்தான் எழுத முடியவில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன், நம் வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற கதவு இது ஒன்றுதான். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. சித்திக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. புதிதாகத் திறக்கிற பல் மருத்துவமனைக்குத் தடுப்புக் கண்ணாடி முழுவதும் நம் கடையில்தான் எடுத்திருக்கிறார்கள், அப்பா ராத்திரிவரைக்கும் கண்ணாடி வெட்டிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் அம்மாவே எழுதச் சொன்ன செய்திகள், அதிலும் படித்திருப்பாய். அவள் எழுதச் சொல்லாததுதான் இனி வருவது.

வேன் வாங்கிய கதை உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ போனுக்கு அந்தப் பக்கம் இருந்தாய், நாங்கள் இந்தப் பக்கம் இருந்தோம். நீ ஊராருக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கிற அலுவலகத்தில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, அப்பா கடைக்கு வருகிற எல்லாரிடமும் எங்க வீட்டுக் கணக்குப்பிள்ளையைக் கேட்காம நான் ஒரு ஆணிகூட வாங்கறதில்ல என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம். வாங்காதீங்கப்பா, லீசுக்கு எடுங்க, மாசா மாசம் கட்டற வாடகையை அப்படியே கடைச் செலவுல எழுதிடலாம், சொந்தமா வாங்கினா தேய்மானம்னு வருஷத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கழிக்க விடுவாங்க என்று நீ சொன்னாய். அதற்கு அப்பா, அடுத்தவன் வண்டியில என் கடைப் பேரை எழுதறதா, அதுக்கு நான் நெத்தியில எழுதிக்கிட்டு நடந்தே போறேன் என்றார். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய், போனில் கேட்டது. அன்றைக்கு உன் பேச்சைக் கேட்டு லீசுக்கு எடுத்திருந்தால் வண்டி அந்தக் கம்பெனிக்குச் சொந்தமாக இருந்திருக்கும். ஒரு திருகாணியைக் கழற்றுவதென்றாலும் அவர்களைக் கேட்க வேண்டியிருந்திருக்கும். இப்போது அதை நினைத்தால் வயிறு எரிகிறது. ஏனென்றால் சொந்தமாகத்தான் வாங்குவது என்று ஆனதும் நீ சொன்ன இரண்டாவது யோசனையை அப்பா ஒரு வார்த்தை எதிர்க்காமல் கேட்டுக்கொண்டார். பின்னால் சீட்டும் ஜன்னலும் இருந்தால் அது ஆள் ஏற்றுகிற வண்டி, வாங்கும்போது கட்டின வரி போனது போனதுதான், சீட்டைக் கழற்றி ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்து முன் சீட்டுக்குப் பின்னால் ஒரு தடுப்பு போட்டு, கடை வேலைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அது சரக்கு வண்டி, கட்டின வரி அத்தனையும் திரும்பி வரும் என்றாய். சின்ன வேலைப்பா, ஒரு மத்தியானம் போதும் என்றாய். ஒரு மத்தியானம்தான் ஆனது அண்ணா. நீ சொன்னது சரிதான். உன் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அந்தச் சீட்டில் யார் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள் என்று மட்டும் நீ கேட்கவில்லை. நம் வீட்டுக்கு வேறு வண்டி கிடையாது என்பது உனக்குத் தெரியாதா?

கழற்றின சீட்டை விற்க அப்பாவுக்கு மனசில்லை, புதுசு, இன்னும் பாலிதீன்கூடப் பிரிக்கலை என்றார். இரண்டையும் ஹாலில் டிவிக்கு எதிரே, மரக்கட்டையில் அடித்து நிறுத்தியிருக்கிறார். சோபா வாங்குகிற செலவு மிச்சம். பெல்ட்டோடு இருக்கிறது. கொஞ்ச நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதுதான் வேடிக்கை, பெல்ட் போட்டுக்கோங்க, செய்தி ஆரம்பிக்கப் போகுது என்று அப்பா சொல்ல, அவர்களும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொள்வார்கள். ஹாலில் பெல்ட் போட்டுக்கொண்டு டிவி பார்த்துவிட்டு ரோட்டில் பெல்ட் இல்லாமல் போகிற குடும்பம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். வேனில் முன்னால் அப்பாவைத் தவிர ஒருவர்தான் உட்கார முடியும். மீதி ஆள் பின்னால் கண்ணாடி சாய்த்து வைக்கிற சட்டத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். கதவைச் சாத்தினால் உள்ளே கை தெரியாது. ரப்பர் வாசனை, கண்ணாடி நறநறவென்று உரசுகிற சத்தம், எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் சட்டத்தைப் பிடித்துக்கொள்வது. எனக்கு அதில் வாந்தி வரும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கண்ணாடி பொருத்துகிற மேஸ்திரி முன்னால் இருப்பார், நான் பின்னால் ஏறுவேன். சரக்கு ஏறியாச்சா என்று அப்பா முன்னாலிருந்து கத்துவார், ஏறியாச்சு என்று நான் கத்த வேண்டும். அது எங்கள் விளையாட்டு. முதலில் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

யாரோ வரி அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள், சரக்கு வண்டி என்று வரியைத் திரும்ப வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சுற்றுகிறார்கள் என்று. எதிர்க்கடைக்காரர் என்கிறார் அப்பா, மேஸ்திரி அப்படி இருக்காது என்கிறார். யாராக இருந்தாலும் எழுதினது உண்மைதானே. ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது கடைத் தெருவுக்குள் திரும்பியதும் அப்பா வண்டியை மெதுவாக்கித் தடுப்புத் தகரத்தைத் தட்டினார். குட்டி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கிட்டுப் படு, மூச்சு விடாதே, ஆபீசர் நிக்கிறார் என்று தகரத்தின் வழியாகச் சொன்னார். கண்ணாடி சுற்றுகிற கம்பளிகள் ஒரு மூலையில் குவிந்திருக்கும். அதற்குள் பையோடு படுத்துக்கொண்டேன். அதில் எப்போதும் கண்ணாடித் தூள் இருக்கும், கழுத்தெல்லாம் குத்தியது. பின்கதவு திறந்தது. அந்த அதிகாரியின் குரல் கோபமான குரல்கூட இல்லை அண்ணா, ரொம்ப மரியாதையான குரல். சீட் மாட்டற ஓட்டையெல்லாம் அடைச்சிட்டீங்களா என்று கேட்டார். அடைச்சாச்சு சார், பாருங்க, இது முழுக்க முழுக்கக் கடை வண்டி, எங்க வீட்டு ஆளுங்க இதுல ஏறினதே இல்ல என்று அப்பா சொன்னார். என் கால் அந்த அதிகாரியின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வீட்டுல எதுல போவீங்க என்று கேட்டார் அவர். பஸ்சுலதான் சார், பஸ்சுக்கு என்ன குறைச்சல் என்றார் அப்பா. கதவைச் சாத்திவிட்டு இருவரும் கடைக்குள் போய் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்திருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே கிடந்தேன். மேஸ்திரிதான் வந்து திறந்துவிட்டார். என் தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டார். அன்று சாப்பிடும்போது அப்பா இதை நடித்தே காட்டினார், ஆபீசர் மாதிரி, தன்னை மாதிரி, கம்பளி மாதிரி. நானும் சிரித்தேன். அதிலிருந்து எனக்கு வகுப்பில் கதவு திறந்தாலே நெஞ்சு திக்கென்கிறது.

இப்போது அம்மாவின் கையைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பார்க்கப் போனோம். பின்னால உட்கார்ந்தா இவளுக்குக் குடலைப் புரட்டும், நீ முன்னால ஏறிக்கோடி என்று அம்மா என்னை முன்னால் ஏற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். திங்கட்கிழமைக் காலையில் கொடுக்க வேண்டிய கண்ணாடியும் சட்டத்தில் கட்டியிருந்தது. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. அப்பா பிரேக் போட்டார். என்னைப் பெல்ட் பிடித்துக்கொண்டது. பின்னால் என்னவோ சரிந்து விழுகிற சத்தம், அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. தடுப்பில் ஓட்டை கிடையாது, திரும்பினால் தகரம்தான் தெரிகிறது. அப்பாவின் வாயிலிருந்து முதலில் வந்த வார்த்தை என்ன தெரியுமா? கண்ணாடி போச்சே. அதற்கப்புறம்தான் அவர் முகம் மாறியது. இறங்கி ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். கண்ணாடி உடையவே இல்லை அண்ணா, ஓரம் மட்டும் கொஞ்சம் சிதறியிருந்தது. கண்ணாடி சாயாமல் இருக்கக் கையைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறாள் அம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், டாக்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லவே இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. எப்படிம்மா விழுந்தீங்க என்று டாக்டர் கேட்டதும், பாத்ரூம்ல வழுக்கிடுச்சு டாக்டர் என்று அம்மாவே சொன்னாள், கேள்வி முடிவதற்குள். நர்ஸ் அவள் தலைமுடியில் கண்ணாடிச் சில்லு இருந்ததைப் பார்த்துவிட்டு, பாத்ரூம்லயா கண்ணாடி உடைஞ்சுது என்றாள். எங்க வீட்டுல எங்க கை வெச்சாலும் கண்ணாடிதாம்மா, அவர் பிழைப்பே அதுதானே என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்கு இவ்வளவு நன்றாகப் பொய் சொல்ல வரும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. எனக்கு அவள்மேலும் கோபம் வந்தது.

இதையெல்லாம் சொல்வதற்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. கை கூடிவிடும், டாக்டர் சொல்லிவிட்டார். நான் பயப்படுவது அக்காவுக்காக. அத்தானுக்கு வேலை தூரத்துக்கு மாறியிருக்கிறது, பிரசவம் முடிகிறவரைக்கும் அக்கா நம்மோடு இருக்கப் போகிறாள், அடுத்த மாதக் கடைசி ஞாயிறு அழைத்து வருகிறோம் என்று அம்மாவின் கடிதத்தில் சந்தோஷமாகப் படித்திருப்பாய். எப்படி அழைத்து வரப் போகிறார்கள் என்று அதில் இல்லை. வேனில்தான். முன்னால் இல்லை, பின்னால். அக்கா ஊருக்கு ஒரு கண்ணாடி கொண்டுபோகிற வேலையை அப்பா கேட்டு வாங்கியிருக்கிறார், அப்போதுதான் அந்தப் பயணம் கடைப் பயணமாகக் கணக்கில் வரும். கண்ணாடியைத் தூக்க மேஸ்திரி வேண்டும், அவர் முன்னால். வழியில் சரக்கு வண்டிகளை நிறுத்திப் பார்க்கிற இடம் ஒன்று இருக்கிறது. வாயும் வயிறுமா ஒருத்தி முன் சீட்டுல உட்கார்ந்திருந்தா இது சரக்கு வண்டின்னு எந்த மடையன் நம்புவான் என்று அம்மாவிடம் சொன்னார். அதனால் பின்னால் மெத்தை போட்டு அக்காவும் அம்மாவும். வாடகைக் கார் வெச்சுக்கலாமே என்று அம்மா மெதுவாகத்தான் கேட்டாள். வாசல்ல சொந்த வண்டி நிக்கும்போது வாடகைக் காருக்கு அழணுமா, அப்புறம் ஊரே கேட்கும், ஏன் வேன்ல போகலைன்னு, நாமே காட்டிக்குடுத்த மாதிரி ஆகும் என்றார். மெத்தையில மகாராணி மாதிரி படுத்துக்கிட்டு வரப்போறா என்றார். அரை நாள் பயணம் அண்ணா. அந்த இருட்டில். ஒரு கையில் கட்டோடு அம்மா எதைப் பிடித்துக்கொள்வாள், அக்காவை எதைக் கொண்டு பிடிப்பாள்? அக்காவிடம் யாரும் இன்னும் சொல்லவில்லை. முன் சீட்டில் வருவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

வணிகவியல் டீச்சரிடம், யாரோ ஒருத்தர் என்று வைத்து இந்தக் கணக்கைக் கேட்டேன். ஒருத்தர் கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வண்டி வெச்சிருந்தா என்ன பண்ணணும் டீச்சர் என்று. எவ்வளவு கடைக்கு ஓடுதோ அவ்வளவுக்குக் கழிச்சுக்கலாம், வீட்டுக்கு ஓடறதை விட்டுடணும், இதுல குழப்பம் என்ன இருக்கு என்றார். முழுக்கக் கடைக்குன்னு எழுதிக்குடுத்துட்டா என்று கேட்டேன். அவரே போய் இனிமே வீட்டுக்கும் ஓட்டறேன்னு எழுதிக்குடுத்துட்டு, வாங்கினதுல ஒரு பங்கைத் திருப்பிக் கட்டினா போதும், கொஞ்சம் அபராதம் வரலாம், அவங்களா கண்டுபிடிச்சாத்தான் பெரிய வம்பு, ஏன், உங்கப்பா வண்டி வாங்கப் போறாரா என்றார். எனக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. பாடப் புத்தகம் வைத்திருக்கிற டீச்சருக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்குமா அண்ணா? தினமும் இதைத்தானே பார்க்கிறாய். பாதி கடைக்கு, பாதி வீட்டுக்கு என்று எழுதுங்கப்பா என்று நீ ஏன் சொல்லவில்லை? காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். திரும்பி வந்த வரி எங்கே போனது என்று அம்மா ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். உன் அறைக்கு முன்பணம் கட்டவும் உன் பரீட்சைக் கட்டணத்துக்கும் போனது. அப்பா ஒரு பைசாகூடத் தனக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. நீ கேட்டாயா, அவரே அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் பிடிக்கவில்லை. ஆனால் நீ ஒவ்வொரு நாளும் சாவி போட்டுத் திறக்கிற கதவு, தகரம் வைத்து அடைத்த எங்கள் ஜன்னல்தான். இப்படி எழுதக் கூடாது, நீ மூத்தவன். எழுதிவிட்டேன், அடித்து அழிக்கப் போவதில்லை.

அப்பாவை மட்டும் கெட்டவராக நினைத்துவிடாதே. முந்தாநாள் ஒன்று நடந்தது. மெத்தை வாங்கி வந்து பின்னால் விரித்து, நாலு பக்கமும் கயிறு கட்டினார். நான் முதல்ல படுத்துப் பார்க்கிறேன், நீ தெருவை ஒரு சுத்து சுத்திக்கிட்டு வா என்று மேஸ்திரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே ஏறிக் கதவைச் சாத்தச் சொன்னார். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். வண்டி திரும்பி வந்து கதவைத் திறந்தால், அப்பா மெத்தையில் இல்லை, சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. அப்புறம் எங்களைப் பார்த்து, தூக்கமே வந்துடுச்சு போ, தொட்டில் மாதிரி இருக்கு என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். மேஸ்திரி சாவியை நீட்டியபடி நின்றார், அப்பா வெகுநேரம் அதை வாங்கவே இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது அண்ணா, அந்த இருட்டில் என்ன இருக்கிறது என்று. ஆனால் தெரிந்துவிட்டது என்று அவரால் சொல்ல முடியாது. ஆபீசரிடம் சத்தியம் மாதிரிச் சொல்லிவிட்டார், ஊரெல்லாம் மகன் போட்டுக் கொடுத்த கணக்கு என்று பெருமை பேசிவிட்டார், இப்போது எப்படித் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார். அவருக்குத் திரும்புவதற்கு ஒரு சாக்கு வேண்டும். அம்மா சொன்னால் பொம்பளைக்கு என்ன தெரியும் என்பார். நான் சொன்னால் பேச்சே கிடையாது. நீ சொன்னால் கேட்பார்.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. நான் எழுதினதாக மூச்சு விடாதே. சட்டத்தை மறுபடி பார்த்தேன்பா, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், சீட்டை மாட்டிடுங்க, வரி ஆபீசுல எழுதிக்குடுத்துட்டு அந்தப் பங்கைக் கட்டிடலாம், நான் அனுப்பறேன் என்று சொல். உனக்கு அது கஷ்டம் என்று தெரியும். தப்பு என்ற வார்த்தை உன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை, கேரம் விளையாடும்போதுகூட. அறையை விட வேண்டி வந்தாலும் வரும். வரட்டுமே. நீ சட்டத்தையே குறை சொன்னாலும் சரி, அலுவலகத்தில் யாரோ தப்பாகச் சொல்லிக் கொடுத்தார்கள் என்றாலும் சரி, அக்கா அந்தக் கதவுக்குள் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டால் போதும். நீ சொல்லவில்லை என்றால் நானே வரி அலுவலகத்துக்கு எழுதிவிடுவேன் என்று மனசு சொல்கிறது, அப்படி எழுதினவரைத்தான் நம் வீட்டில் தினமும் திட்டுகிறோம். அப்பாவைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம் அண்ணா. என்னை அந்த இடத்துக்குத் தள்ளாதே.

கடைசியில் எழுது என்று அம்மா சொன்ன வரிகளை அந்தக் கடிதத்தில் அவசரத்தில் விட்டுவிட்டேன், இங்கே எழுதுகிறேன். வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. எந்தக் குறையும் இல்லாமல் நல்லபடியாக இரு, நீ எங்கே இருந்தாலும் என் கண் உன்மேல்தான் இருக்கிறது. இதைச் சொல்லும்போது கட்டுப்போட்ட கையைத்தான் தூக்கினாள், பழக்கத்தில். வலித்திருக்கும், உடனே இறக்கிவிட்டாள். நான் உனக்கு ஆசி சொல்கிற வயதில் இல்லை, அதனால் ஞாபகம் மட்டும் படுத்துகிறேன், அடுத்த மாதக் கடைசி ஞாயிறு. இப்படிக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். இவ்வளவு நேரம் என்னடா குட்டி பண்றே, வயிறு சரியில்லையா, ஓமத் தண்ணி போட்டுத் தரட்டுமா என்று கேட்கிறார். மறுபடியும் தட்டுகிறார், ரொம்ப மெதுவாக, அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று. குரல் இவ்வளவு மெல்லியதாக இருக்கும்போது கதவைத் திறந்தால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது அண்ணா, தாளை எங்கே